பருந்து வராத மதியம்

கிரேனின் கை ஓய்ந்ததும் அதன் நுனியில் வந்து உட்காரும் பருந்து இன்றைக்கு வரவில்லை.

ஆபரேட்டர் சாப்பாட்டு டப்பாவை மடியில் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவர் மதியத்தில் கீழே இறங்குவதில்லை. முட்டி வலி, அத்தனை ஏணியை யார் இறங்கி ஏறுவது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார். உண்மையில், அந்தக் கண்ணாடிக் கேபினில் மட்டும்தான் அவரால் அழ முடிந்தது.

வீட்டில் மகள். அவள் முன்னால் அழுதால் அவளும் உடைந்துபோவாள்.

கீழே இன்ஜினியர். லீவு முடிந்து வந்த அன்றே, "மனசு தெளிவா இருக்கா? இல்லேன்னா வேற ஆளைப் போடறேன்" என்று கேட்டுவிட்டார். ஆட்களின் தலைக்கு மேலே கட்டுக்கட்டாகக் கம்பி தொங்கும் வேலை. அவர் கேட்டதில் தப்பில்லை. கல்லு மாதிரி இருக்கேன் என்று சொல்லிவிட்டு ஏறியவர்தான்.

மேலே வானம் இருந்தது, காற்று இருந்தது, பருந்து இருந்தது. அவர் மனைவியைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அது பாட்டுக்கு இறகைக் கோதிக்கொண்டு கேட்கும். குறுக்கே ஒரு வார்த்தை பேசாது. அந்த விஷயத்தில் அவளுக்கு நேர் எதிர்.

அழுது முடித்து மூக்கைச் சிந்தியதும், அவள் சொல்வதைப் போலவே, "போதும், எந்திரிங்க, வேலையைப் பாருங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். தன் கையே தனக்கு உதவி என்று தோளையும் தானே தட்டிக்கொள்வார். அப்புறம் சாயங்காலம் வரை கை நடுங்காது.

இன்றைக்குப் பேச்சே வரவில்லை. டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து, கண்ணாடியில் நெற்றியை வைத்து வானத்தில் தேடினார்.

இருக்கையில் கிடந்த வாக்கி டாக்கி கரகரத்தது. சாப்பாட்டு நேரத்தில் அது ஒருநாளும் பேசியதில்லை.

"அண்ணே, இன்னைக்குப் பருந்து வரலையா?"

கீழே சிக்னல் காட்டுகிறவனின் குரல்.

பருந்தைப் பற்றி அவர் யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். சாப்பிடும்போது செட் இடைஞ்சலாக இருக்கிறதென்று அதைத் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வது வழக்கம். பேசும் பொத்தான் மேல் பக்கம் இருந்தது. அது அழுந்தியிருக்கும் வரை இவர் பேசுவது கீழே கேட்கும். அவர்கள் பேசுவது இவருக்குக் கேட்காது.

குனிந்து பார்த்தார். நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த மஞ்சள் தொப்பிகள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. நடுவில் ஒரு வெள்ளைத் தொப்பி. இன்ஜினியரின் இடுப்பிலும் ஒரு செட் உண்டு.

இறங்கி வா என்று கை காட்டுவார் என எதிர்பார்த்து நின்றார். வெள்ளைத் தொப்பி கொஞ்ச நேரம் மேலேயே பார்த்தது. பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கியது.

ஆபரேட்டர் செட்டை எடுத்தார். இந்த முறை தெரிந்தே பொத்தானை அழுத்தினார்.

"வரலைப்பா."

அதற்கு மேல் அழுகைதான் வந்தது. விரலை எடுக்கவில்லை.