மெக்கானிக்கின் இடுப்பளவு

“இனிமே என்னால முடியாது! நாளையிலேர்ந்து பழையபடி சிப்ஸ் பொரிச்சு வை.”

லிஃப்ட் மெக்கானிக் தட்டைத் தள்ளிவிட்டார். தட்டில் வேகவைத்த காய்கறியும் ஒரு துண்டு மீனும் இருந்தன.

“டாக்டர் மூணு மாசம் டைம் கொடுத்திருக்காரே?” என்றாள் மனைவி.

கொடுத்தார்தான். கூடவே மிரட்டியும் அனுப்பினார். “இடுப்பளவு, பிரஷர், சுகர், ரத்தத்துல கொழுப்பு, நல்ல கொழுப்பு. இந்த அஞ்சுல மூணு கெட்டாலே ஆபத்து. உங்களுக்கு நாலு போச்சு, சுகர் மட்டும்தான் பாக்கி. பொரிச்சது, க்ரீம் பன்னு எல்லாத்தையும் நிறுத்துங்க. இல்லேன்னா அடுத்தது இதயம்தான்.”

“ஒரு மாசமா வாயைக் கட்டிட்டேன். தினமும் ஆறு மாடி ஏறி இறங்கறேன். ‘நீங்களே படியில போனா நாங்க லிஃப்டை எப்படி நம்பறது?’ன்னு கேக்கறாங்க. தொப்பை ஒரு நூல் குறைஞ்சுதா? அது பாட்டுக்கு ஜம்முனு இருக்கு!”

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்து, காலையில் படுக்கையறையிலிருந்து ஒரே கூச்சல்.

“இங்க வா! பேண்ட் நிக்க மாட்டேங்குது!”

பெல்ட் போடும் வழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது. அதுவரை தொப்பைதான் பேண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி குதித்தார்.

“இளைச்சுட்டேன்! பாத்தியா?”

“ஓ, அப்படியா?” என்று சொல்லிவிட்டு அவள் விறுவிறுவென்று சமையலறைக்குப் போய்விட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் உற்சாகம் குறையவில்லை. சாயங்காலமும் நடக்க ஆரம்பித்தார். ஆபீசில் யார் க்ரீம் பன் நீட்டினாலும் கையெடுத்துக் கும்பிட்டார்.

தங்கையிடம் போனில் மட்டும் புலம்பினார். “ஊரே பாராட்டுது. உங்க அண்ணி வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வரலை!”

“புருஷன் நல்லா ஆனா சந்தோஷப்படணும். என்ன பொம்பளையோ!” என்றாள் தங்கை.

மூன்றாவது மாதம் ரிப்போர்ட் வந்தது. கெட்டுப்போன நாலில் மூன்று எல்லைக்குள் வந்துவிட்டன. நாலாவதும் பக்கத்தில் வந்திருந்தது. டாக்டர் எழுந்து கை கொடுத்தார்.

மெக்கானிக் வீட்டிலிருந்த பேண்டுகளை அள்ளிக்கொண்டு நேராகத் தையல் கடைக்குப் போனார்.

“மாஸ்டர், எல்லாப் பேண்டையும் இடுப்புல பிடிச்சுக் கொடுங்க. நல்லா பிடிங்க! எங்க வீட்டுக்காரி கண்ணுல படணும். என் முயற்சிக்கு அவகிட்டேர்ந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு சபாஷ் கிடையாது.”

தையல்காரர் பேண்டின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்ன மாஸ்டர் சிரிக்கறீங்க?”

“ரெண்டு மாசம் முன்னாடி உங்க வீட்டம்மா இது எல்லாத்தையும் தூக்கிட்டு ஓடி வந்தாங்க. ‘அவரு மனசு விட்டுட்டாரு மாஸ்டர், அவருக்குத் தெரியாம ஒரு இன்ச் பிரிச்சு விடுங்க’ன்னு சொல்லி அழுதாங்க. அந்த ஒரு இன்ச் நான் இளைக்க வெச்சது சார். இப்ப பிடிக்கப் போற நாலு இன்ச்சுல மீதி மூணும் நிஜமாவே நீங்க இளைச்சது!”