கட்டிப்போட்ட விமானம்

விமானத்தின் விலை கிலோ ஆறு ரூபாய் என்றார் பழைய இரும்பு வியாபாரி நல்லகண்ணு.

வேதமுத்து தலையாட்டினார். எஞ்சின் ஆயில் சூடு இன்றும் அடங்காவிட்டால் எடைக்குப் போட்டுவிடுவது என்று வீட்டில் பேசியாயிற்று. வற்றிய கண்மாய்க்குள், வீட்டிலேயே செய்த அந்தச் சின்ன விமானம் மரத்தோடு கட்டப்பட்டு உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே உட்கார்ந்து மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவர் மனைவி பியூலா.

“மதினிய எறங்கச் சொல்லுங்க அண்ணாச்சி. லோடு ஏத்தணும்.”

“கட்டிப்போட்டா ஆயில ஆத்துற கூலருக்குக் காத்து எங்கிட்டு வரும்? கொதிக்கத்தான் செய்யும்” என்று உள்ளேயிருந்து கத்தினாள் பியூலா. “கயித்த அவுருங்க.”

வேதமுத்து அவிழ்த்தார். விமானம் புழுதியைக் கிளப்பி ஓடி, கருவேல மரங்களுக்கு மேலே ஏறியது.

நல்லகண்ணு பதறினார். “செஞ்ச நீங்க தரையில நிக்கிறீக. மதினிய ஏத்தி விட்டுட்டீகளே?”

“நான் தபாலாபீசு ஆளுய்யா. எனக்கு சைக்கிளே தடுமாறும். செஞ்சது பூரா அவதான். ஓட்டுற லைசென்சும் அவகிட்டத்தான் இருக்கு.”

திருச்சுழி ஊரை ஒரு சுற்றுச் சுற்றி இறங்கிய பியூலா, “மேல போகவும் சூடு மளமளன்னு எறங்கிருச்சு” என்றாள். வேதமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

“அப்ப என் லாரி வாடகை நூறு ரூவா?” என்றார் நல்லகண்ணு.

“அவ மொத மொதப் பறந்ததப் பக்கத்துல நின்னு பாத்தீகள்ல. அதுல கழிச்சுக்கங்க.”

நல்லகண்ணு மனசுக்குள் கணக்குப் போட்டார். “அப்படிப் பாத்தா நாந்தான் உங்களுக்குப் பாக்கி.”