முப்பத்து மூன்று காலிக் கட்டங்கள்

“முப்பத்து மூணு சார்! ஒரே பத்தியில முப்பத்து மூணு கட்டம் காலி!” திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த குரலில் சொன்னாள் அவள்.

மருத்துவமனையின் ஐந்தாம் மாடியில் கணினியில் அறிக்கை தயாரிப்பது அவள் வேலை. அட்டவணையில் எந்தப் பத்தியில் எத்தனை கட்டம் நிரப்பப்படவில்லை என்று எண்ணிச் சொல்லும் வசதியை, போன மாதம் முழுக்க ராப்பகலாக மல்லுக்கட்டி உருவாக்கியிருந்தாள். ‘காலி மேடம்’ என்று கூட வேலை செய்பவர்கள் வைத்த பட்டப்பெயரில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். இரண்டாம் மாடி வார்டில் நோயாளிகளின் காய்ச்சல் அளவு. காலை, மதியம், இரவுப் பத்திகளில் ஒரு காலிகூட இல்லை. மாலை ஆறு மணிப் பத்தியில் மட்டும், பதினோரு நாளைக்கு, நாளுக்கு மூன்று.

“சாயங்கால டூட்டி அந்தப் பெரிய சிஸ்டர்தானே? இன்னிக்கே சீட்டைக் கிழிச்சிடறேன்.”

அவளுக்குச் சுருக்கென்றது. எண்ணும் அவசரத்தில், அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பதை யோசிக்கவே இல்லையே!

வீட்டுக்கு வந்தால் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா வேறு ஃபோனில் சித்தியிடம் அளந்துகொண்டிருந்தாள். “போன மாசம் பதினோரு நாள் இவ ஆஸ்பத்திரியிலயே கிடந்தப்போ எம்பொண்ணு ஒரு நாள் தவறாம பக்கத்துலயே உக்காந்திருந்தாடி. யார் பெத்த பிள்ளை இப்படிப் பாக்கும், சொல்லு?”

மருந்து மயக்கத்தில் அம்மாவுக்கு ஏதோ தோன்றியிருக்கிறது. காலையில் இரண்டாம் மாடி வார்டு வாசலில் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி, மூன்று மாடி இறங்கிப் போய் உட்கார அவளுக்கு எங்கே நேரம் இருந்தது? ஒவ்வொரு முறையும் மறுத்துச் சொல்ல வாயெடுப்பாள். வெட்கமாக இருக்கும், பேசாமல் இருந்துவிடுவாள்.

மறுநாள் வார்டுக்குப் போனபோது சிஸ்டர் தன் சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

“மன்னிச்சிடுங்க சிஸ்டர். எல்லாம் என்னாலதான். ஏன், நீங்க காய்ச்சலே பாக்கலியா?”

“பாக்காம இருப்பேனா? ஏழு மணிக்குப் பாத்து, காகிதத்துல எழுதி வச்சேன். நீங்கதான் ஆறரைக்கே அந்தக் கட்டம் பூட்டிக்கிற மாதிரி பண்ணிட்டீங்களே.”

அவள் முகம் செத்துப்போயிற்று. “அப்போ ஆறு மணிக்கு எங்க போனீங்க?”

“எங்கயும் போகலம்மா. வரிசையா பாத்துட்டே வருவேன். ஒரு கட்டில்கிட்ட நின்னுடுவேன், உடனே நகர முடியாது. அதுக்கப்புறம் இருக்கிற மூணு பேருக்கு நேரமாயிடும்.”

“இதை அவர்கிட்ட சொல்ல வேண்டியதுதானே! வாங்க, நானே வந்து சொல்றேன்.”

“வேண்டாம்மா. ஏன் நின்னேன்னு கேப்பாரு. சொன்னா உங்களுக்குத்தான் சங்கடம்.”

“எனக்கென்ன சங்கடம்?”

சிஸ்டர் பையை மூடிவிட்டு, கோபமே இல்லாமல் அவளைப் பார்த்தார்.

“தினம் சாயங்காலம் உங்கம்மா ‘வந்துட்டியாடி’ன்னு என் கையைப் பிடிச்சுக்குவாங்க, நானும் ‘வந்துட்டேம்மா’ன்னு உக்காந்துடுவேன்.”