கவனிக்க ஆளில்லை

"இந்தாம்மா, எம்புட்டு நேரமா நிக்கிறேன்! மருந்து தருவியா, மாட்டியா?"

ஏலப்பாறை மருந்துக்கடையில் ஏசுதாஸ் குரலை உயர்த்தினான். முதுகுவலிக்கு ஒரு தைலம், அவ்வளவுதான் அவனுக்கு வேண்டும். வெளியே எஸ்டேட் ஜீப் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

கவுண்டரில் ரிஞ்சு என்கிற பெண் மட்டும்தான். காதில் போன். 'கொஞ்சம் பொறுங்க' என்று கையால் காட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வச்சிராதீங்க... நான் இருக்கேன்ல..."

"கேட்டீங்களா கூத்த?" பக்கத்தில் நின்றவரிடம் பொருமினான் ஏசுதாஸ். "முன்னாடியெல்லாம் கடைக்குள்ள நுழைஞ்சதுமே என்ன ஏதுன்னு விசாரிப்பாங்க. எந்த மாத்திரைய எப்பப் போடணும்னு சொல்லிக் குடுப்பாங்க. இப்ப? யாவார நேரத்துல கொஞ்சல்!"

அவள் திரும்பவேயில்லை. மறுபடியும் ஹாரன்.

ஆத்திரத்தில் அவளை அப்படியே வீடியோ எடுத்தான். 'நம்ம ஊர்க் கடையில் வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் மரியாதை' என்று எழுதி, ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டு, வெறுங்கையோடு ஓடிப்போய் ஜீப்பில் ஏறினான்.

எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் இறங்கியதும் போனைப் பார்த்தான். ஏகப்பட்ட கைதட்டல். கடை முதலாளியே பதில் போட்டிருந்தார்: 'மன்னிக்கவும். அந்தப் பெண்ணை இப்போதே வேலையை விட்டு நிறுத்திவிட்டேன்.'

'அப்படிப் போடு!' என்று சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தான்.

மகள் பின்சி அம்மா மடியில் துவண்டு கிடந்தாள். மனைவி கத்தரீனாளின் கண்கள் சிவந்திருந்தன.

"என்னாச்சு?"

"புள்ளைக்குத் திடீர்னு மூச்சுத்திணறல்ங்க. நீங்க டவுனுக்குப் போற வழியில இருந்தீங்க போல, உங்களுக்கு அடிச்சா ரேஞ்சே இல்ல. எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவும் லீவு. புதுசா வாங்கின இன்ஹேலரை எப்படி அழுத்துறதுன்னு தெரியாம கையும் ஓடல, காலும் ஓடல. மருந்துக் கவர்ல இருந்த கடை நம்பருக்குத்தான் அடிச்சேன்."

ஏசுதாஸ் கையிலிருந்த போனைப் பார்த்தான்.

"ஒரு புள்ள எடுத்துச்சு. நான் அழுத அழுகையில, 'வச்சிராதீங்க, நான் இருக்கேன்ல'ன்னு சொல்லி, ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்துச்சு. இவளுக்கு மூச்சு சீராகுற வரைக்கும் போனை வைக்கலங்க. கடையில எவனோ ஒருத்தன் கத்திக்கிட்டே கெடந்தான். அதுக்கும் அசையல."

கத்தரீனாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"நாளைக்கு நேர்ல போயி அதக் கும்பிடணுங்க. நீங்க இப்பக் கடைக்குத்தான போனீங்க, எந்தப் புள்ளைன்னு தெரியுமா?"