வரதன் பெயருக்கு நேரே பூஜ்யம்

"நான்தான் மேடம் பண்ணேன். ஒத்துக்கறேன்," என்றார் வரதன்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று ராமசெல்வி எதிர்பார்க்கவில்லை. திருவொற்றியூரில் அவர் வீட்டுச் சந்து எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மிரட்டுவதற்கென்றே நாலு வாக்கியம் தயார் பண்ணியிருந்தாள். நாலும் வீணாகப் போயின.

ராமசெல்வி ஒரு மீன் குளிர்கிடங்கின் மேனேஜர். வரதன் அங்கே மெக்கானிக். கிடங்கின் எந்திரம் சூடாகாமல் இருக்கக் கடல் தண்ணீர் குழாயில் வந்துகொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால், அந்த வாரம் யார் முறையோ அவர் போனில் அலாரம் அடிக்கும்; அவர் எடுக்காவிட்டால் மற்றவர்கள் போனில் அடிக்கும். வீட்டில் இருந்தாலும் சரி, பதில் பட்டனை அமுக்கிவிட்டு ஓடிவர வேண்டும்.

அந்த அலாரம் சாஃப்ட்வேருக்குத் தலைக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். அது திடீரென்று இரண்டு மடங்கானதும் முதலாளி முகம் சுளித்தார். "பன்னெண்டு பேரு என்னத்துக்கு? எட்டாக்கிரு."

ராமசெல்வி இரண்டு வருட ரிப்போர்ட்டை எடுத்தாள். யார் எத்தனை அலாரத்துக்குப் பதில் கொடுத்தார்கள் என்று அதில் வரிசையாக இருந்தது. தீனா நாற்பத்தொன்று. அறிவு முப்பத்தெட்டு. வரதன் பெயருக்கு நேரே பூஜ்யம்.

அதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம். மீட்டிங் போட்டு எல்லார் முன்னாலும் வாசித்தாள்.

"ரெண்டு வருஷத்துல ஒரு தடவைகூடவா உங்களால எடுக்க முடியல?"

"வரதண்ணன் வாரம்னா நாங்கல்லாம் ஜாலியா படத்துக்குப் பூடுவோம் மேடம்," என்று தீனா சொல்ல, அறையே சிரித்தது. வரதன் தரையைப் பார்த்தபடி நின்றார். நீக்கிய நாலு பெயரில் அவர் பெயர்தான் முதல். அலாரம் அடித்தால் வருவதற்காகக் கொடுத்திருந்த கேட் பாஸையும் வாங்கிக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் வரதன் முறை வந்திருக்க வேண்டியது; அதைத் தீனாவுக்குக் கொடுத்தார்கள். திங்கள் முதல் வியாழனுக்குள் ஒன்பது அலாரம். ஒன்பதாவதுக்குத் தீனா வந்து சேர்வதற்குள் எந்திரம் நின்று, ஓர் அறை இறாலும் கெட்டுப்போனது.

எந்திரத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று பழைய கேமரா பதிவுகளைத் தோண்டினார்கள். வரதன் அகப்பட்டார். வேலை இல்லாத விடியற்காலையில் வெறும் சாக்கோடு குழாய்ப் பள்ளத்தில் இறங்குகிறார். கனத்த சாக்கோடு ஏறுகிறார். மறுநாளும் அப்படியே. பித்தளை வால்வை எல்லாம் கழற்றிக் காயலான் கடையில் போட்டுவிட்டான் என்று முதலாளி தீர்ப்பு எழுதிவிட்டார்.

"ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுத்தா வேலையோட போவும். இல்லன்னா போலீஸ்தான்," என்று சொல்லி ராமசெல்வியை அனுப்பினார்.

இப்போது அவள் பையிலிருந்து தாளை எடுத்து நீட்டினாள். ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷில் டைப் அடித்தது.

"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"எங்க போடணும்னு மட்டும் காட்டுங்க மேடம்."

காபி கொண்டுவந்த அவர் மனைவி தாயம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னாய்யா இது? இன்னா பண்ண நீ?"

"நீ உள்ள போ," என்றார் வரதன், அவள் முகத்தைப் பார்க்காமல்.

தாயம்மா டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். ராமசெல்விக்கு என்னவோ போல் இருந்தது. கொஞ்சம் இறங்கின குரலில், "எத்தனை நாளா நடக்குது?" என்று கேட்டாள்.

"ரெண்டு வர்சமா. என் வாரம் வந்தா தெனிக்கும் போவேன். அலாரம் அடிக்காதப்ப உள்ள வரக் கூடாதுன்னு ரூல்ஸ் கீது. தெரிஞ்சேதான் வந்தேன். தப்புதான்."

"கழட்டினதை எந்தக் கடையில போட்டீங்க?"

"கடையா?" வரதன் முதல் தடவையாக நிமிர்ந்தார். "அத்த எவன் மேடம் வாங்குவான்? குழா வாயில ஒரு கம்பி வலை கீதுல்ல, அதுல கொழகொழன்னு சொறிமீனும் பிளாஸ்டிக் கவருமா வந்து அடைச்சிக்கும். வாரி சாக்குல கட்டிக் குப்பைல போட்டுடுவேன். அப்டியே பெல்ட்டு, எண்ணெ அல்லாத்தையும் ஒரு தபா பாத்துனு வந்துடுவேன்."

ராமசெல்வி பேனாவை மூடினாள். தீனா ஏன் படத்துக்குப் போனான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அலாரமே அடிக்காத வாரத்தில் எவர் பெயருக்கு நேரேயும் பூஜ்யம்தான் இருக்கும். அதைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு, ஒரு மனிதரைப் பதினோரு பேர் முன்னால் நிற்கவைத்துச் சிரிக்க விட்டிருக்கிறாள். அவமானத்தில் காது மடல் வரைக்கும் சுட்டது. தாளை நாலாய், எட்டாய்க் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிருங்கண்ணே," என்றாள். "ஆனா அன்னைக்கே மீட்டிங்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எதுக்கு யாருக்கும் தெரியாம செஞ்சீங்க?"

வரதன் வீட்டுக்குள் ஒரு முறை எட்டிப் பார்த்தார். தாயம்மா அடுப்படியில் இருக்கிறாள் என்று தெரிந்ததும், தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்:

"அலாரம் அடிச்சா போன்ல எத்த அமுக்கணும்னு எனக்குப் படிக்கத் தெரியாது மேடம், அதான் அடிக்கவே வுடல."