கழுத்துப்பட்டி கட்டிய உத்தியோகம்

சனிக்கிழமையாக இருந்தும் வரதராஜா ஜெயரட்ணத்தின் வீட்டுக்குக் கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டுதான் வந்திருந்தார். கதிரையைக் கைக்குட்டையால் இரண்டு தரம் தட்டிவிட்டு உட்கார்ந்து, தோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"உண்மையோ காணும்? கந்தோர் வேலையை விட்டுட்டீராம்?"

"ஓம் அண்ணை. நேற்றோட சரி. திங்கக்கிழமை ஆசுப்பத்திரியில நேர்சிங் அசிஸ்டன்டாச் சேருறன்," என்றான் ஜெயரட்ணம்.

"அசிஸ்டன்ட்!" வரதராஜா சிரித்தார். "இங்கிலீசில சொன்னா நாறாதோ? ஊரில அதுக்குப் பேர் அற்றெண்டன். வாளியும் தும்புத்தடியுமாத் திரியிற ஆக்கள். அவைக்கு நாங்கள் கதிரை குடுக்கிறேல்லை."

வரதராஜா நகரத்தில் பெரிய கணக்காளர். சிட்னியில் இருந்த தமிழ்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் அதை அவரே சொல்லியிருந்தார்.

ஜெயரட்ணம் வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினான். "காப்புறுதிக் கந்தோரின்ர நிலவறையில நாலு வருஷம் பைல் அடுக்கினன், அண்ணை. ஒருத்தனும் என்ர பேரை முழுசாச் சொன்னதில்லை. போன மாசம் அப்பென்டிக்ஸ் வெட்டிக் கிடக்கேக்க பார்த்தனான். தலையணையைத் திருப்பி வைக்கிற ஒரு ஆளுக்காக வார்ட் முழுக்கக் காத்துக் கிடக்குது."

"தலையணை திருப்பவோ எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணினீர்?"

வடை முடிந்ததும் வரதராஜா குசினிக்குள் போனார். விரல் இடுக்கிலிருந்து முழங்கை வரை சவர்க்காரம் போட்டுக் கழுவினார். முழங்கையால் குழாயை இடித்துப் பார்த்தார், அது அசையவில்லை. 'சிக்' என்றபடி விரலால் திருகிப் பூட்டினார்.

என் வீட்டுக் குழாயைத் தொடவே அவருக்கு அருவருப்பாக இருக்கிறது என்று ஜெயரட்ணம் நினைத்துக்கொண்டான்.

"நீர் படுத்த அதே ஆசுப்பத்திரியோ?" துவாயை விட்டுத் தன் கைக்குட்டையில் கை துடைத்தபடி வந்தார்.

"இல்லை அண்ணை. இது பரமட்டாப் பக்கம். ஆத்தங்கரைக்குக் கிட்ட."

வரதராஜா துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். பிறகு பெட்டியைத் திறந்து நீல ஏரோகிராம் கடிதத்தாள் ஒன்றை எடுத்தார். வலது மூலையில் 12.3.77 என்று திகதி போட்டு, ஒரு எழுத்தும் அடிக்காமல் எழுதினார். எழுதியதை உரக்க வாசித்தார்.

"அன்புள்ள ஈஸ்வரமூர்த்தி அண்ணருக்கு, நான் பேசித் தந்த மாப்பிள்ளை உத்தியோகத்தை விட்டுப் பிறர் மலம் அள்ளப் போயுள்ளபடியால், தங்கள் மகள் வைதேகியின் காரியத்தை வேறிடத்தில் பார்க்கவும்."

நாக்கால் ஓரத்தை நனைத்து ஒட்டினார்.

"கந்தோர் மாப்பிள்ளை எண்டுதான் நான் பேசினனான். திங்கள் காலமை போய் அந்த வெள்ளையன்ர காலில விழுந்து வேலையைத் திருப்பிக் கேளும். இல்லாட்டி இப்பவே இது தபால்பெட்டிக்குள்ள போகும். என்ன சொல்லுறீர்?"

மணிக்கூட்டுக்குப் பக்கத்தில் வைதேகியின் படம் நின்றது. எட்டு மாதமாக நேரம் பார்க்கும் சாட்டில் அவன் பார்த்து வந்த முகம் அது.

"போடுங்கோ அண்ணை," என்றான்.

"சீ! மானம் கெட்ட பிறப்பு!"

யன்னலால் ஜெயரட்ணம் பார்த்துக்கொண்டு நின்றான். சந்திமுனையில் சிவப்புத் தபால்பெட்டிக்கு முன்னால் வரதராஜா முதுகு காட்டி ஒரு நிமிடம் நின்றார். பிறகு திரும்பிப் பாராமல் ரயில் நிலையப் பக்கம் நடந்தார்.

ஞாயிறு முழுவதும் அவன் வைதேகிக்குக் கடிதம் எழுதினான். மூன்று எழுதினான்; மூன்றையும் கிழித்தான்.

திங்கள் காலை ஏழு மணிக்கு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையுடன் வார்டில் நின்றான். பொறுப்பாக இருந்த சிஸ்டர் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பயப்படாதே. இங்கே ஆறு வருடமாக இருக்கும் ஒருவரோடு உன்னை விடுகிறேன். எங்கள் உதவியாளர்களில் அவரைப்போல இன்னொருவர் இல்லை. ராஜ்!"

கடைசிக் கட்டிலின் திரை விலகியது. வெள்ளைத் துணியால் மூடிய மலச்சட்டியை இரு கையாலும் ஏந்திக்கொண்டு ஒருவர் வந்தார்.

கழுத்துப்பட்டி இல்லாத வரதராஜாவை ஜெயரட்ணம் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தான்.

அவர் சட்டியைக் கழுவறையில் வைத்தார். முழங்கை வரை கழுவினார். சுவரிலிருந்த நீண்ட பிடியை முழங்கையால் ஒரு தட்டுத் தட்ட, குழாய் உடனே நின்றது.

சிஸ்டர் அப்பால் போகும் வரை பொறுத்திருந்து, கிட்ட வந்து, மெல்லச் சொன்னார்:

"தம்பி... அந்தக் கடிதம் நான் இன்னும் போடேல்லை."