மஞ்சள் புள்ளி

மழையில் சில்லிட்ட அறையில், லிஃப்ட் மெக்கானிக் ஆசை ஆசையாய் வாங்கிய மலிவு விலை மஞ்சள் லேசர் டார்ச்சின் பொத்தானை அழுத்துகிறார்; சுவரில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட விழவில்லை. சிவப்பும் பச்சையும் ஏற்கெனவே கைவசம் உண்டு, மஞ்சள்தான் காலை வாருகிறது. "இதோட இந்தப் பைத்தியத்த விட்டுடறேன்," என்கிறார். துணி மடித்துக்கொண்டிருக்கும் மனைவி, விரல் நீளமுள்ள அந்தப் பித்தளைக் குழாயை வாங்கி உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்கிறாள். "எனக்கே ஸ்வெட்டர் கேக்குது, இதுக்குக் குளிராதா?" ஒற்றைக் கையால் இரண்டு சட்டை மடித்த பிறகு திருப்பித் தருகிறாள். அழுத்துகிறார். எலுமிச்சை விதை அளவுக்கு ஒரு மஞ்சள் சுவரில் நடுங்கி, பின் நிலைத்து நிற்கிறது. "உன் கைச்சூடு," என்கிறார். சூடு ஆற ஆறப் புள்ளி மங்குகிறது. அவர் லேசரை அணைத்துவிட்டுக் கையை நீட்டுகிறார். அவள் இந்த முறை லேசரோடு அவர் விரல்களையும் சேர்த்துப் பொத்திக்கொள்கிறாள்.